சாரலில் மட்டும்

ஜூன் 3, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். வெயில் குறையவில்லை. குற்றாலத்தில் இன்னும் சாரல் ஆரம்பிக்கவில்லை என்கிறார்கள்.

காலையில் செண்பகம் ஒரு கேள்வி கேட்டாள். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். உட்கார்ந்து கேட்டால் நான் மறுத்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"மாமா, அந்தக் காரை நான் எடுத்துக்கிடட்டுமா?"

செண்பகம் என் மருமகள். புளியரைக்கு மேலே துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவள் போகும் பஸ்ஸை ஜூலை பாதியோடு நிறுத்தப்போகிறார்களாம். மற்றவர்களானால் ஸ்கூட்டர் வாங்கியிருப்பார்கள். அவள் இரண்டு சக்கர வண்டியில் ஏறி பதினோரு மாதமாகிறது. ஏறவும் மாட்டாள். என் மகன் மகராஜனின் உயிர் போனது மோட்டார் சைக்கிளில். புளியரை வளைவில் லாரி.

கார் மகராஜன் வாங்கியது. பள்ளிக்கூட வேலை கிடைத்த மறு வருஷம், வேறொருவர் பன்னிரண்டு வருஷம் ஓட்டிய வண்டியை வாங்கி வந்தான். வெள்ளை நிறம், சின்ன வண்டி. அவன்தான் செண்பகத்துக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பதினோரு மாதமாகக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது.

"ஓட்டலாம்மா. ஆனா வண்டியில ஒரு கொறை இருக்கு. சில நேரம் எஞ்சின் திக்கும். அதச் சரி பண்ணித் தாரேன்" என்றேன்.

என் மனைவி வடிவு அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்த்ததில் தோசை கருகிவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் தோசையைக் கருகவிட்டு நான் கண்டதில்லை. சுரண்டி எடுத்து வெளியே காக்காய்க்குப் போட்டாள்.

ஜூன் 4

தார்ப்பாயை எடுத்தேன். எலி ஒன்று பின் சீட்டைக் கொஞ்சம் கடித்திருக்கிறது. பேட்டரி செத்துப்போய்விட்டது. பழைய பெட்ரோலை இறக்கினேன், மண்ணெண்ணெய் வாடை அடித்தது. டயரில் காற்று அடித்தேன்.

உள்ளே சாக்பீஸ் தூள். அதைத் துடைக்கவில்லை.

ஜூன் 6

புது பேட்டரி. பிளக் மூன்றையும் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டினேன். மூன்றாவது தடவை சாவி திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். ஒரு பிசிறு இல்லை.

நான் முப்பத்து மூன்று வருஷம் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் எஞ்சின் பிரிவில் இருந்தவன். பஸ் கேட்டுக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லுவேன். டிரைவர்கள் என்னை 'காது' என்று கூப்பிடுவார்கள். அன்றைய வேலையைப் பதிவேட்டில் நாலு வரி எழுதாமல் வீட்டுக்கு வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம்தான் இந்த நோட்டு.

ஆனால் அது டீசல். டீசலில் பிளக்கும் கிடையாது, நெருப்புப் பொறியும் கிடையாது. இதை எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூன் 8

பதினான்கு கிலோமீட்டர் ஓட்டினேன். கோளாறு வரவில்லை.

ஜூன் 9

இருபத்திரண்டு கிலோமீட்டர். வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

செங்கோட்டை தாண்டி, புளியரை ஏற்றம் வரை போனேன். ஏற்றத்தில்தான் எஞ்சினுக்கு உண்மையான பாரம் விழும். முதல் வளைவு வரைக்கும் போய்த் திருப்பிவிட்டேன். அதற்கு மேல் போகவில்லை. வண்டி நன்றாகவே இழுத்தது.

வரும் வழியில் வடிவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கினேன். கொடுத்ததும் வாங்கி அலமாரியில் வைத்தாள். "காரு எப்படி ஓடுது?" என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

ஜூன் 14

பிளக் ஒயர்களை மாற்றினேன். காயிலைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றிப் பார்த்தேன். மூன்று பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடி அது. துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழையதுதான், ஆனால் ஓட்டை உடைசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

சரியாக ஓடுகிற எஞ்சினில் கோளாறு தேடுவது போல் ஒரு கொடுமை கிடையாது. எதைக் கழற்றினாலும் அது நன்றாகவே இருக்கிறது.

செண்பகம் வேலையிலிருந்து திரும்பியதும் கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான ஓடுது மாமா? எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள்.

"இல்லம்மா. கொறை இருக்கு. வரும்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பானட்டைச் சாத்தினேன்.

ஜூன் 17, திங்கள்

சாரல் ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்தே மேற்கே மலை தெரியவில்லை. காற்றில் பொடிப்பொடியாகத் தண்ணீர்.

பத்து மணிக்கு வண்டியை எடுத்துக் குற்றாலம் வரை போய், எஞ்சின் சூடானதும் அருவிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். பிறகு எடுத்தேன். மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது வந்தது. திக், திக், திக் என்று மூன்று முறை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தது, இருமுகிறவன் மாதிரி. நாற்பது வினாடி இருக்கும். பிறகு தானாகச் சரியாகிவிட்டது.

எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று எழுதுவது. ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து வாசலிலேயே சத்தம் போட்டேன்: "வடிவு, வந்துட்டு! வந்துட்டு!"

அவள் முறத்தோடு வெளியே வந்தாள். "யாரு வந்துட்டா?"

"அந்தக் கோளாறு. வண்டி திக்குச்சு. மூணு தடவை."

என் முகத்தையே பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் யாரை எதிர்பார்த்து வெளியே வந்தாளோ. நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

ஜூன் 19

அதே இடம், அதே சாரல், அதே கியர். வரவில்லை.

ஜூன் 20

பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். வந்தது, பத்து வினாடி. அது ஃபில்டரால் இல்லை.

மளிகை: துவரம்பருப்பு, கருப்பட்டி, சோப்பு.

ஜூன் 22, சனி

செண்பகத்திடம் கேட்டேன். கேட்காமல் சமாளிக்கலாம் என்றுதான் இத்தனை நாள் பார்த்தேன். முடியவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சாரலுக்குப் பயந்து நடு வீட்டில் கொடி கட்டியிருந்தாள்.

"ஏம்மா, மகராஜன் ஒங்கிட்ட ஏதாவது சொன்னானா? வண்டி எப்ப திக்கும்னு?"

சேலையை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னாள். மனப்பாடமாகச் சொன்னாள். "காலைல எடுத்தா வராது. வெயில்ல வராது. நல்லா ஓட்டிச் சூடாக்கிட்டு, சாரல்ல ஒரு மணி நேரம் நிறுத்திட்டு எடுத்தா வரும். மூணாவது கியர்ல ஏத்தத்துல. கொஞ்ச நேரந்தான். எஞ்சினு சூட்டுல ஈரம் காஞ்சதும் சரியாயிரும்."

இருபது நாளாக நான் அலைந்து கண்டுபிடித்தது இதில் பாதிதான்.

"எல்லாத்தையும் கவனிச்சிருக்கான்" என்றேன்.

"ஒங்ககிட்டயும் சொன்னாங்களே மாமா."

"சொன்னான்" என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

போன வருஷத்து நோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். எடுப்பதில்லை என்றிருந்தேன். ஜூலை ஒன்பதாம் தேதிப் பக்கத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"ஞாயிறு. இலஞ்சியிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்தது. மதியம் கோழிக்குழம்பு. கார் திக்குகிறது என்று மகன் மறுபடியும் சொன்னான். ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை."

நாலு வரி. அன்று நல்ல வெயில். கடைத்தெரு வரை போய் வந்ததைத்தான் ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன்.

எழுதாததும் இருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். மகராஜன் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "அப்பா, ஒருவேள அந்த..." என்று ஆரம்பித்தான். நான் முடிக்கவிடவில்லை. "வண்டியில ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு ஓட்டுதவன்கிட்ட. கிளட்ச்ல இருந்து காலை எடுக்கத் தெரியாம எஞ்சின் திக்குதாம். முப்பத்து மூணு வருஷம் எஞ்சினோட கிடந்தவனுக்கு கணக்கு வாத்தியாரு பாடம் எடுக்கான்" என்றேன். மைத்துனர் சிரித்தார். அவர் பிள்ளைகளும் சிரித்தார்கள். மகராஜனும் சிரித்தான். பிறகு எழுந்து போய் கார் சாவியை ஆணியில் மாட்டினான்.

அதற்குப் பிறகு அவன் அந்தச் சாவியைத் தொடவில்லை. திங்கள், செவ்வாய் மோட்டார் சைக்கிளில் போனான். புதன் சாயங்காலம் சாரலில் செண்பகத்தைக் கூப்பிட்டு வரப் போனதும் மோட்டார் சைக்கிளில்தான்.

புதன் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஜூன் 26

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

இனி என்னால் ஆகாது என்று பீர் முகமதுவிடம் போனேன். மேலகரம் ரோட்டில் கடை. பெட்ரோல் வண்டிகளுக்கு இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. எனக்கு அவரைத் தெரியும், ஆனால் ஒரு நாளும் வண்டி கொண்டு போனதில்லை. பணிமனைக்காரன் வெளிக் கடையில் போய் நிற்பதா என்ற எண்ணம்தான்.

தொழுகைக்குப் போயிருந்தார். இரண்டரைக்குத்தான் வந்தார். என்னையும் வண்டியையும் பார்த்ததும் தொப்பியைக் கழற்றாமலே அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க" என்றார். நான் கோளாறைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போனவர் மேல் தட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். தூசி படிந்திருந்தது. சட்டைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். பிரித்தால், புத்தம்புது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. பெட்டியின் மேல் பேனாவால் 'மகராஜன் சார்' என்று எழுதியிருந்தது.

"தம்பி போன வருஷம் இங்க வந்துச்சு அண்ணாச்சி. ஜூலை மாசம் மொதல் வாரம். பார்த்ததும் சொல்லிட்டேன், மூடியில வெடிப்பு இருக்குன்னு. முடி மாதிரி வெடிப்பு, கண்ணுக்குத் தெரியாது. திருநெல்வேலில இருந்து இதை வரவழைச்சேன். சனிக்கிழமை வந்துட்டு. போன் பண்ணி, வாங்க சார், அஞ்சு நிமிஷ வேலை, மாட்டிருவோம்னேன்."

மூடியைக் கையில் திருப்பிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"'இல்ல பாய், எங்கப்பாவுக்குத் தெரியாம மாத்துனா அவங்க மனசு சங்கடப்படும். வெளிய போய்க் காட்டிட்டானேன்னு நினைப்பாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நானே பக்குவமா அந்த மூடியப் பாருங்கப்பான்னு சொல்லுதேன். அவங்களே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும். அப்புறம் வந்து வாங்கிக்கிடுதேன்'னு சொன்னாரு."

சனிக்கிழமை எட்டாம் தேதி. ஞாயிறு ஒன்பது.

'அப்பா, ஒருவேள அந்த' என்பதற்குப் பிறகு அவன் சொல்ல வந்தது எனக்கு இன்று இரண்டே முக்காலுக்குத் தெரிந்தது.

"தம்பி துட்டி கேக்க ஒங்க வீட்டுக்கு வந்தப்பவே சொல்லியிருக்கணும். ஒங்க மூஞ்சியப் பார்த்ததும் வாய் வரல. அப்புறம் நாளாக ஆக, சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார் பீர் முகமது. அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அவரே மாட்டித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் பலத்த சாரல். வண்டி திக்கியது. வீடு வரை திக்கிக்கொண்டே வந்தது.

ஜூன் 29

படுத்தே கிடந்தேன். காய்ச்சலா என்று செண்பகம் தொட்டுப் பார்த்தாள். இல்லை.

ஜூலை 1, திங்கள்

புது மூடியை மாட்ட ஐந்து நிமிஷம்தான். ஆனால் மாட்டவில்லை. அந்த வெடிப்பைக் கண்ணால் பார்க்காமல் பழையதைக் கழற்ற மனம் வரவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு வண்டியின் மூக்கைக் கொட்டகைக்குள் விட்டு, பானட்டைத் திறந்து, மேலே தார்ப்பாயைப் போட்டேன். உள்ளே இருட்டாக இருந்தால்தான் பொறி தெரியும். தார்ப்பாய் காற்றில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் தெளிக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றேன். நாலாவது முறை யாரோ ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கீழே அமுக்கினார்கள். வடிவு. எப்போது வந்தாள் என்று தெரியாது. அவளும் குனிந்து தார்ப்பாய்க்குள் வந்துவிட்டாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்கு வைத்திருக்கும் புட்டியால் மூடியின் மேல் தண்ணீர் பீய்ச்சினேன்.

நீலமாக ஒரு கோடு ஓடியது. மூடியின் பக்கவாட்டில், கிளிப்புக்கு அடியில், மேலிருந்து கீழாக. எஞ்சின் திக்க ஆரம்பித்தது. திக்கும்போதெல்லாம் கோடு வந்தது.

"என்ன அது?" என்றாள் வடிவு. என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது அவள் குரல்.

"வெடிப்பு. ஈரம் பட்டா, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட்டு இது வழியா ஓடிப்போயிருது."

"அப்ப அவன் சொன்னது?"

"அவன் சொன்னது சரிதான்."

பீர் முகமது சொன்னதையும் சொன்னேன். குனிந்த நிலையிலேயே, எஞ்சின் சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. 'அவங்களே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும்' என்பதையும் சத்தமாகத்தான் சொன்னேன்.

வடிவு தார்ப்பாயை விட்டுவிட்டாள். வெளிச்சம் வந்ததும் கோடு தெரியவில்லை. எஞ்சின் மட்டும் திக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷமா நான் ஒங்ககிட்ட எதுவும் கேக்கல. அன்னைக்கு அவன் சாவியை ஆணில மாட்டும்போது, என் பிள்ள மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

"சிரிச்சிக்கிட்டுத்தான்..."

"நீங்க பாக்கல" என்றாள்.

உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் அழும் சத்தம் கேட்டது. மகன் இறந்த அன்றுகூட அவள் இப்படிச் சத்தம் போட்டு அழவில்லை. ஊரே அழுதபோது வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்ப் புட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். எஞ்சினை அணைத்தால் அவள் அழுகை தெருவுக்குக் கேட்கும். அணைக்காமல் நின்றேன்.

ஜூலை 2

புது மூடி மாட்டினேன்.

ஜூலை 4, வியாழன்

நல்ல சாரல். சூடாக்கி, ஒரு மணி நேரம் நிறுத்தி, மூன்றாவது கியரில் ஏற்றினேன். திக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, திக்கினால் தேவலையே என்று இருந்தது.

வடிவு இரண்டு நாளாக என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். பேச்சு இல்லை. ஆனால் ரசம் வேண்டுமா என்று கேட்கிறாள்.

ஜூலை 7, ஞாயிறு

செண்பகத்தை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வருஷம் விட்டுப்போனாலும் கை மறக்கவில்லை. செங்கோட்டை தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. புளியரை ஏற்றத்தில் முதல் வளைவு வந்ததும் நான் "திருப்பிரலாம்மா" என்றேன். அவள் திருப்பவில்லை. இரண்டாவது வளைவில், அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தினாள். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பஸ்ல தெனமும் இதத் தாண்டித்தான் மாமா போறேன்" என்றாள்.

அங்கேதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைத்துனர் முன்னால் பேசியது, சாவி, மூடி, பெட்டி. "நான் அன்னைக்கு ரெண்டு நிமிஷம் அவன் பேச்சைக் கேட்டிருந்தா அவன் கார்லதான் வந்திருப்பான்" என்றேன்.

"எனக்குத் தெரியும் மாமா."

"யாரு சொன்னா?"

"அவங்கதான். அன்னைக்கு ராத்திரியே சொன்னாங்க. 'நான் வாயைத் தொறக்குமுன்ன எங்கப்பா என்னைய டெப்போவுக்கு வெளிய தள்ளிட்டாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. ஒரு வாரம் போகட்டும், சூடு ஆறட்டும், மறுபடி சொல்லிப் பாக்கேன்னாங்க."

"கோவமா இருந்தானா?"

"வருத்தமா இருந்தாங்க. கோவம் இல்ல."

பொய் சொல்லி என்னைத் தேற்றாமல், வருத்தமா இருந்தாங்க என்று சொன்னாளே, அதற்கு அவளைக் கும்பிட வேண்டும்.

பிறகு அவள் சொன்னாள். முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கு அஞ்சு மணி பஸ் வந்துச்சு மாமா. கூட்டமா இருந்துச்சு. ஏறியிருக்கலாம். இந்த நனைஞ்ச ஆளுககூட இடிச்சுக்கிட்டு நிக்கணுமேன்னு விட்டுட்டேன். விட்டுட்டு போன் பண்ணி, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். அவங்க, பைக்லதான் வரணும், நனைவியே, பரவால்லயான்னு கேட்டாங்க. பரவால்ல வாங்கன்னேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்து அறையில், ஒரு வருஷமாக.

"அதுக்கு நீ என்னம்மா செய்வ?" என்றேன்.

"அப்ப நீங்க மட்டும் என்ன செய்வீங்க?" என்றாள்.

கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அவள் பக்கத்தை அவளும் என் பக்கத்தை நானும் துடைத்தோம். ரொம்ப நேரம் கழித்துத்தான் வண்டியை எடுத்தாள். எஞ்சின் ஒரு முறைகூடத் திக்கவில்லை.

ஜூலை 10

இலஞ்சி மைத்துனர் போன் செய்தார். திவசத்துக்கு எத்தனை பேர் வருவது என்று கேட்டார். அவரிடம் மூடி விஷயத்தைச் சொன்னேன். "இனி அதையெல்லாம் எதுக்கு அத்தான் நினைச்சிக்கிட்டு" என்றார். "நீயும் சிரிச்சே. அதனாலதான் சொல்லுதேன்" என்றேன். சரி அத்தான் என்று போனை வைத்துவிட்டார். இதை நான் சொல்லியிருக்க வேண்டாமோ. தெரியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

முதல் வருஷத் திவசம். குற்றாலத்தில் ஆற்றங்கரையில் வைத்துச் செய்தோம்.

ஐயர், "யார் செய்யறது? பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தம்பி?" இல்லை. "அப்ப நீங்க யாரு?" என்றார்.

"அப்பா" என்றேன்.

பெயர் சொல்லச் சொன்னார். கோத்திரம் சொல்லச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். எனக்கு அவன் செய்ய வேண்டியதை நான் அவனுக்குச் செய்தேன். தண்ணீர் ரொம்பக் குளிராக இருந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திய இடத்தில், உதட்டை அசைக்காமல் அவனிடம் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

வடிவு படியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஈர வேட்டியோடு ஏறி வந்தபோது கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு ஏறினேன்.

ஜூலை 15, திங்கள்

செண்பகம் இன்று முதல் முறையாகத் தனியாகக் காரில் வேலைக்குப் போனாள். ஏழே முக்காலுக்குக் கிளம்பினாள். நான் தெருமுனை வரை கூடவே நடந்தேன். சாயங்காலம் ஐந்திலிருந்து வாசலில்தான் நின்றேன். வடிவு இரண்டு முறை உள்ளே கூப்பிட்டாள். பிறகு அவளும் வந்து நின்றாள்.

ஆறு பத்துக்குச் செண்பகம் வந்தாள். இறங்கியதும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கொஞ்சம் தயங்கினாள்.

"மாமா, சொன்னா தப்பா எடுத்துக்கிடாதீங்க. காலைல போகும்போது ஏத்தத்துல ஒரு தடவை வண்டி குலுங்குன மாதிரி இருந்துச்சு. திக்குன மாதிரி. ஒரே ஒரு தடவை. நான்தான் கிளட்ச்சை சரியா விடலையோ என்னவோ."

பதினெட்டு தடவை நான் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த வண்டி. மூடி புதுசு, ஒயர் புதுசு, ஃபில்டர் புதுசு. அனேகமாக அவள் கால்தான். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருவதுதான். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பானட்டைத் திறந்தேன். வடிவு கேட்காமலே குடையைக் கொண்டு வந்து எஞ்சினுக்கு மேலே பிடித்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லும்மா. எங்க வச்சு, எந்த கியர்ல, எவ்வளவு நேரம்?"

அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை நான் குறுக்கே பேசவில்லை.